சுவருக்கு அப்பால் எறியப்படும் ஈரல்



ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து வீடுகளில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும் வேளை. தோல் உரித்துத் தொங்கவிடப்பட்ட ஆட்டின் வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை வெளியே எடுக்கிற அறுப்புக்காரரின் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஈரலின் ஓரத்தில், எலுமிச்சம்பழம் அளவில், வெண்மையான ஒரு கொப்புளம். அவர் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்க்கிறார். எவரும் எதுவும் பேசுவதில்லை. கொப்புளம் இருந்த பகுதி வெட்டி எடுக்கப்பட்டு மதில் சுவருக்கு அப்பால் வீசப்படுகிறது. விடிந்ததிலிருந்து அங்கே காத்துக் கிடந்த தெருநாய்கள் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அந்த அரை நிமிடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அறியாமல் செய்கிறோம் என்று இதுநாள்வரை சொல்லிக்கொண்டோம். படித்த பிள்ளைகள் இல்லாத வீடு இன்று நம் மஹல்லாக்களில் அரிது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைதோறும் மிம்பர் இருக்கிறது. இனியும் அறியாமை என்று சொன்னால் அது சாக்கு.

முதலில் அந்தக் கொப்புளம் என்னவென்று பார்ப்போம். அது சீழ்க்கட்டி அன்று, கொழுப்பும் அன்று, கண்ணேறுபட்ட அடையாளம் என்று சில பெரியவர்கள் சொல்வார்களே, அதுவும் அன்று. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் அது. மருத்துவர்கள் ஹைடாடிட் கட்டி என்பார்கள். தடித்த உறைக்குள் தெளிந்த நீர் நிறைந்திருக்கும். அந்நீரின் அடியில் மணல்போல் படிந்திருப்பவை புழுவின் தலைகள். முதிர்ந்த ஒரு கட்டிக்குள் அவை ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். ஆட்டில் காணப்படும் எல்லாக் கட்டிகளும் இதுவே என்று சொல்லவில்லை. குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வில் நீர்ப்பை போல் தொங்குவது பெரும்பாலும் வேறொரு நாடாப்புழுவுக்கு உரியது. அதுவும் நாயிடமிருந்து வந்து நாயிடமே திரும்புவது. கண்ணால் பார்த்து இது இன்னது என்று பிரித்தறிவது நம்மால் ஆகாது. அதற்குத் தேவையும் இல்லை. எதுவாயினும் நாயின் வாய்க்குப் போகக்கூடாது என்பதே செய்தி.

ஏன் போகக்கூடாது? ஆட்டின் ஈரலில் இருக்கும்வரை அப்புழு முழுமை அடைவதில்லை. நாயின் சிறுகுடலுக்குள் போனால்தான் அது முழுப் புழுவாக வளரும். கட்டியை நாய் விழுங்கியதும், உள்ளே இருந்த தலைகள் ஒவ்வொன்றும் கொக்கிகளால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு தனித்தனிப் புழுக்களாக வளர்கின்றன. முழுப்புழு என்றதும் முழக் கணக்கில் எண்ண வேண்டாம். ஓர் அரிசிமணியின் நீளம் வந்தாலே அதிகம். ஆறேழு வாரங்களில் முட்டைகள் வெளிவரத் தொடங்கும். துல்ஹஜ் பத்தாம் நாள் நாம் சுவருக்கு அப்பால் எறிந்தது, முஹர்ரம் முடிந்து ஸஃபர் பிறக்கும் வேளையில் முட்டைகளாகத் தெருவுக்குத் திரும்புகிறது. நாய்க்கு இதனால் நோய் ஏதும் வெளியே தெரியாது. ஆயிரக்கணக்கான புழுக்களைச் சுமந்துகொண்டு அது நலமாகத் திரியும்.

முட்டைகள் கண்ணுக்குத் தெரியாதவை. மலத்தோடு மண்ணில் விழும். நாயின் ரோமத்திலும் மூக்கு நுனியிலும் ஒட்டியிருக்கும். காய்ந்த வெயிலில் அவை அழிந்துவிடும். ஈரமும் நிழலும் உள்ள இடங்களில், குளிர்ந்த மண்ணில், மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கே மேயும் ஆடு அதைத் தின்னும். அடுத்த ஆண்டுக் குர்பானிக்கென்று நாம் விலைபேசும் ஆடாக அது இருக்கலாம். அதே மண்ணில் விளையாடிய குழந்தை கைகழுவாமல் வாயில் விரலை வைக்கும். அங்கே பறித்த மல்லித்தழை, கழுவியும் கழுவாமலும் சட்னிக்குள் போகும்.

1853ஆம் ஆண்டில் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் கார்ல் வான் சீபோல்ட் இந்த உண்மையைச் சோதித்து நிறுவினார். ஆட்டின் கட்டியை நாய்களுக்குத் தின்னக் கொடுத்து, பின்னர் அவற்றின் குடலில் முழுப்புழு வளர்ந்திருப்பதைக் கண்டார். அவர் சில நாய்களைக் கொண்டு செய்து முடித்த சோதனையை நாம் ஆண்டுதோறும் ஊர் முழுதும் செய்துகொண்டிருக்கிறோம்.

மனிதரின் வயிற்றுக்குள் போன முட்டை குடலில் பொரிந்து, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலை அடைகிறது. பெரும்பாலோருக்கு அங்கேயே தங்கிவிடும். ஈரலைக் கடந்துவிட்டால் நுரையீரல். அரிதாக மூளை, எலும்பு. பிறகு வளரத் தொடங்கும், மிக மெதுவாக. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். வலியில்லை, காய்ச்சலில்லை. கட்டி பெரிதாகி அக்கம்பக்க உறுப்புகளை அழுத்தும்போதே ஏதோ கோளாறு என்று தெரியவரும். கீழே விழுந்தோ அடிபட்டோ கட்டி உள்ளே உடைந்துவிட்டால், அந்நீர் கலந்த அதிர்ச்சியிலேயே உயிர் போகக்கூடும்; பிழைத்தாலும் சிந்திய தலைகள் ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் புதுக் கட்டியாகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை. புழுவின் பயணத்தில் மனிதன் ஒரு முட்டுச்சந்து. அவனுடைய ஈரலை நாய் தின்னப்போவதில்லை அல்லவா.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டியிருந்த ஆட்டின் இறைச்சியைத் தின்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. கட்டியுள்ள உறுப்பை நீக்கிவிட்டு மற்ற இறைச்சியை நன்றாகச் சமைத்து உண்பதில் அச்சம் இல்லை. நோயைக் கொண்டுவருவது நாயின் வழியே வரும் முட்டை மட்டுமே. அதனால்தான் வாழ்நாளில் இறைச்சியையே தொடாத ஒருவருக்கும் இது வரலாம்.

எங்கள் குடும்பத்து மூத்த மாமி ஒருவருக்கு வந்தது. வலது விலாவுக்குக் கீழே பல மாதங்களாக ஒரு கனம். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் தேங்காய் அளவுக்குக் கட்டி இருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா அம்மா?" என்பது. மாமிக்கு வந்த கோபத்தை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. நாய் உரசிய துணியை ஏழுமுறை கழுவி, அதில் ஒருமுறை மண் கலந்து அலசி, அதற்குப் பிறகும் தொழுகைக்கு அதை உடுத்தத் தயங்குகிறவர் அவர். "எங்களைப் பார்த்தா நாய் வளர்க்கிறவங்க மாதிரியா தெரியுது டாக்டர்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் கோபப்படவில்லை. "சரிம்மா. ஆடு அறுத்தா கழிவை எங்கே போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாமியின் கீரைப் பாத்தி கொல்லைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால்தான் நாங்கள் ஆண்டாண்டாக எறிந்தோம். எந்த நாய், எந்த ஆண்டு, எந்தக் கீரைக்கட்டு என்று எவராலும் சொல்ல முடியாது. அது அவருடைய பாத்தியாக இல்லாமலும் இருக்கலாம். மாதக்கணக்கில் அல்பெண்டசோல் மாத்திரை, பிறகு அறுவை, ஈரலின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. பேத்தியின் நிக்காஹ் இரண்டு முறை தள்ளிப்போனது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார். அந்த மருத்துவமனை வாசலில் வைத்துத்தான் எங்களுக்குள் இந்தப் பேச்சு தொடங்கியது.

இப்போது நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண்ணைக் கொண்டு, கழுவ வேண்டும் என்பது நபிமொழி. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் ஈரத்தோடு நாய் தொட்ட எதையும் அவ்வாறே கழுவுகிறோம். ஹனஃபி மத்ஹபினர் எண்ணிக்கையில் வேறுபட்டாலும் நாயின் எச்சில் அசுத்தம் என்பதில் அவர்களும் உடன்படுகிறார்கள். இதில் நமக்கு எந்தத் தர்க்கமும் இல்லை, செவியுற்றோம், கட்டுப்பட்டோம். ஆனால், மேடையேறும் பேச்சாளர் சிலர் இந்த நபிமொழியை எடுத்துக்கொண்டு, நாயின் வயிற்றில் புழு இருப்பதை விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது, நம் மார்க்கமோ அன்றே சொல்லிவிட்டது என்று முழங்குகிறார்கள். கேட்கிறவர்களும் தக்பீர் முழங்குகிறார்கள். அதே கூட்டத்தினர் பெருநாள் பகலில் கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிகிறார்கள்.

நாயின் வயிற்றில் புழு இருக்கிறது என்று பெருமிதத்தோடு சொல்கிற நாம், அந்த வயிற்றுக்குள் புழுவைப் போட்டது யார் என்று கேட்டதுண்டா? நாய் ஆடு அறுப்பதில்லை. எந்த நாயும் குடலில் இந்தப் புழுவோடு பிறப்பதில்லை. நாம் எறிகிறோம், அது தின்கிறது. பின்னர் அதன் எச்சில் பட்டதைக் கழுவிவிட்டுத் தூய்மையானோம் என்று எழுகிறோம். வணக்கத்தின் சட்டங்களுக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் தேவையில்லை. அவற்றை அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம். ஆனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தவர்கள், அது சொல்வதில் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அதன் மறுபாதி நம் கையில் இருக்கும் கத்தியைப் பற்றியது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எழும் மறுமொழிகளை நாம் அறிவோம்.

நாயும் அல்லாஹ்வின் படைப்புத்தானே, பசித்த உயிருக்குப் போடுவது நன்மைதானே என்கிறார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியையும் சொல்வார்கள். உண்மை, மிக அழகான செய்தி. அவர் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீரை நிரப்பி, வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்து கொடுத்தார். நாம் நமக்கு வேண்டாததை, பிறர் பார்க்குமுன் அப்புறப்படுத்துகிறோம். இரண்டையும் ஒன்றாக நிறுத்துவது எப்படிப் பொருந்தும்? உண்மையிலேயே நாய்க்குத் தீனி போட விரும்புவோர் கழிவை நெடுநேரம் நன்றாக வேகவைத்துப் போடட்டும். வெந்த கட்டியில் உயிர் இல்லை.

நகராட்சி அள்ளவில்லை என்பது இன்னொன்று. அள்ள வேண்டியது அவர்கள் கடமை, மறுக்கவில்லை. அவர்கள் வண்டி வருமுன் நாய் வந்துவிடும் என்பதும் நமக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் கனமானது. குர்பானியையே எதிர்ப்போர் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் காலத்தில், நீங்களே அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறீர்களே என்று கவலைப்படுகிறார்கள். அக்கவலை பொய்யன்று. ஆண்டுதோறும் பெருநாள் நெருங்கும்போது என்ன வருமோ என்று அஞ்சும் ஊர்கள் இருக்கின்றன. ஆயினும் சிந்தியுங்கள். இந்தப் புழு குர்பானியால் வந்ததன்று. ஆடும் நாயும் மனிதரும் சேர்ந்து வாழும் எல்லா இடங்களிலும் உண்டு. கிடா வெட்டும் கோயில் திருவிழாவிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வாசலிலும் உண்டு. அந்தக் கறிக்கடைகளில் பல நம்மவர்களுடையவை என்பதையும் மறைக்க வேண்டாம். குர்பானி சில நாள்கள். கடை ஆண்டு முழுதும். கடையின் பின்புறம் நாய்கள் படுத்திருப்பதை ஊரே பார்க்கிறது. அதை நாமே சொல்லித் திருத்திக்கொண்டால் அது நம் கண்ணியம். பிறர் படம் பிடித்துக் காட்டிய பிறகு திருத்தினால் என்ன மிஞ்சும்? மேலும், சுவருக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் அண்டை வீட்டாரின் இடம். அவர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டார். அவருடைய குழந்தை விளையாடும் மண்ணில் நாம் விதைத்ததற்கு நாளை மறுமையில் என்ன சொல்வோம்?

வெளியே சொல்லப்படாத நான்காவது ஒன்று உண்டு. அதுதான் உண்மையான காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது: கட்டி இருந்தது தெரிந்தால் குர்பானி கூடாமல் போய்விடுமோ என்ற அச்சம். அதனால்தான் அந்த மௌனம். அதனால்தான் அந்த அவசரம். குர்பானிப் பிராணியின் குறைகளைப் பற்றிய நபிமொழியில் குருடும், நோயும், நொண்டியும் 'வெளிப்படையாகத் தெரிகிற' என்ற நிபந்தனையோடுதான் சொல்லப்படுகின்றன. நன்றாக நடந்து, நன்றாகத் தின்று, பார்வைக்குக் கொழுத்திருந்த ஆட்டின் ஈரலுக்குள் இருந்ததை நாம் எவ்வாறு அறிவோம்? ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் வெளிப்படையாகக் கேட்கட்டும். மிம்பரில் நிற்கும் ஹஜரத்மார்களும் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் இந்த ஒரு சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், பாதிக் கட்டிகள் ஒளிக்கப்படாமல் குழிக்குள் போகும். வயது, பல், கொம்பு என்று விரிவாகச் சொல்கிறவர்கள் ஈரலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசக்கூடாதா?

இது தீராத நோய் என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்து என்னும் தீவு 19ஆம் நூற்றாண்டில் இந்நோயால் உலகிலேயே மிக மோசமாகத் துன்புற்ற இடங்களில் ஒன்று. ஆடு வளர்ப்பே பிழைப்பு. நாய்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். ஹரால்ட் கிராபே என்னும் டேனிஷ் அறிஞர் 1863இல் அங்கே சென்று நாய்களை அறுத்து ஆராய்ந்தார். பின்னர் மக்களுக்குப் புரியும்படி ஒரு சிறு நூல் எழுதினார். அது வீடுகளுக்கு வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்புகளை எரியுங்கள் அல்லது புதையுங்கள், நாய்க்கு எறியாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அம்மக்கள் எழுத்தறிந்தவர்கள், படித்தார்கள், செய்தார்கள். பிறகு நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. தலைநகர் ரெய்க்யாவிக்கில் 1924 முதல் அறுபது ஆண்டுகள் நாய் வளர்ப்பதற்கே தடை இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்நோய் அங்கிருந்து மறைந்தது. தடுப்பூசியால் அன்று; ஒரு சிறு நூலாலும், அதைப் படித்துக் கீழ்ப்படிந்த வீடுகளாலும். ஆட்டு மந்தைகள் நிறைந்த நியூசிலாந்தும் நெடுங்காலம் பாடுபட்டு 2002இல் இந்நோய் நீங்கிய நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது.

மறுபுறம், மொராக்கோ, துனீசியா, ஈராக், ஈரான் போன்ற நம் சகோதர நாடுகளில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. உலகில் எந்தவொரு நேரத்திலும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் எக்கினோகாக்கஸ் வகைப் புழுக்களால் வரும் நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசிக்கத் தொடங்கு என்ற கட்டளையோடு வேதம் இறங்கப்பெற்ற சமுதாயம் நாம். ஐஸ்லாந்தின் ஆட்டிடையர்கள் ஒரு துண்டு நூலை வைத்துக்கொண்டு செய்ததை நாம் செய்யவில்லை என்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அன்று. நகராட்சியின் ஆட்டிறைச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்துக் கழிக்கிறார். வீட்டு அறுப்பில் அந்தப் பொறுப்பு நம்முடையது. ஈரலையும் நுரையீரலையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கட்டி கண்டால் அதைக் குத்தி உடைக்காமல் உறுப்போடு சேர்த்து எடுங்கள். நாய் தோண்ட இயலாத ஆழத்தில் குழி வெட்டி, கழிவின்மேல் சுண்ணாம்பு தூவி, மண்ணை மூடி, மேலே கல்லை ஏற்றுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் இரவே நாய் கிளறிவிடும். எறிந்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. பச்சையாக உண்ணும் தழைகளை ஓடும் நீரில் நன்றாக அலசுவதும், மண்ணில் விளையாடிவந்த பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவதும் ஆண்டு முழுதும் வீட்டில் நடக்க வேண்டியவை. தெருநாய்களுக்குப் புழுநீக்க மருந்து உண்டு; பிராசிகுவாண்டல் என்று பெயர். அதைக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குக் கால்நடைத் துறையிடம் ஜமாஅத் மனுக் கொடுக்கலாம். ஆனால் நாம் எறிவதை நிறுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால், தின்ற நாய் மீண்டும் தின்னும்.

வீட்டில் இடமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயம். நெருக்கடியான தெருக்களில் கடப்பாறை இறங்க ஒரு முழ மண் கிடையாது. அதற்குத்தான் ஜமாஅத். கபரஸ்தானை விட்டு விலகி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவாக ஓர் இடத்தில் பொதுக் குழி ஒன்று, அரஃபா நாளன்று அஸருக்குப் பிறகு வெட்டிவைத்தால் போதும். இளைஞர்கள் சிலர் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாக வந்தால் எவரும் சுவரைத் தேடிப் போகமாட்டார்கள். சுண்ணாம்பு மூட்டைக்கும் குழி வெட்டும் கூலிக்கும் ஆகும் தொகை ஓர் ஆட்டின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்று நிர்வாகிகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும். கூட்டுக் குர்பானிக்கான பங்குத் தொகையை இவ்வாண்டு அறிவிக்கும்போது, அதையும் சேர்த்தே அறிவியுங்கள்.